பேருந்து என் கடை வாசலில் நிற்கவில்லை

என் காசிம் மச்சானுக்கு,

நீ மண்ணுக்குள் போய் ஒரு வருஷம் ஆகிறது. உன் கண்ணாடிக் கடையை மகன் நன்றாகவே நடத்துகிறான். ஊர் நிர்வாகம் பார்க்கும் கொம்யூன் சபையில் நீ உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். சிரிக்காதே.

உன் தெருவுக்குப் பொதுக் குழாய் வந்த கதையை நான் மறக்கவில்லை. எங்கே வைப்பது என்ற பேச்சு எழுந்ததுமே மேசையில் இருந்த உன் துருக்கித் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்தாய். குழாய் தெருக்கோடிக்குப் போனது. உன் வீட்டில் குடம் சுமந்தார்கள். "பதவியில இருந்து என்னய்யா கிழிச்ச?" என்று நான் கேலி செய்தேன்.

"நான் உள்ள இருந்தா என் மூஞ்சியப் பாப்பானுங்க மச்சான். வெளிய போனா தெருவப் பாப்பானுங்க" என்றாய். உனக்கு அப்போது கொஞ்சமும் வலிக்கவில்லையா? கேட்காமலே விட்டுவிட்டேன்.

போன மாதம் எனக்கும் அப்படி ஒரு நாள் வந்தது. ரெட்டியார்பாளையத்தில் பேருந்து நிறுத்தம் எங்கே வைப்பது? ஒன்று, என் இரும்புக் கடை வாசல். இல்லையென்றால், ஒரு பர்லாங் தள்ளி இருக்கும் பிரசவ ஆஸ்பத்திரி வாசல். நிறுத்தம் என் வாசலுக்கு வந்தால் விழுப்புரம் பக்கத்துக் குடியானவர்கள் எல்லோரும் என் வாளி மேலேயே இறங்குவார்கள். ஆசை இல்லை என்று சொன்னால் அது பொய்.

உன்னைப் போலவே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனேன். அதே பெஞ்சு. பெருமையாக இருந்தது. ஒரு வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் பியூன் வந்து காதோடு சொன்னான்: "உங்க கடை வாசல்தான் முதலாளி. எல்லாரும் ஒரே வாய்ல ஒத்துக்கிட்டாங்க."

உள்ளே போனால் சபைத் தலைவர் மேர் சிரிக்கிறார். "நீங்க பெருந்தன்மையா எழுந்து போனீங்க. நாங்களும் பெருந்தன்மையா நடந்துக்க வேணாமா?"

நான் எழுந்து போனதே எனக்குச் சிபாரிசாகிவிட்டது, மச்சான். அவர்கள் பார்த்தது தெருவை அல்ல, என் காலி நாற்காலியை.

உட்கார்ந்தேன். நெஞ்சுக்குள் இனித்தது. கடைக்குப் புதுப் பெயர்ப்பலகை எழுதுவதுவரை மனசு ஓடிவிட்டது. பிறகு எழுந்தேன்.

"இதுல எனக்கு லாபம் இருக்கு, அதை முதல்ல சொல்லிட்றேன். புள்ளத்தாச்சிப் பொம்பளைங்க வெயில்ல ஒரு பர்லாங் நடக்கணுமா? என் கடையில கடப்பாரை வாங்கவா அவங்க பஸ் ஏறி வர்றாங்க?"

பக்கத்து நாற்காலிக்காரர் என் வேட்டியைப் பிடித்து இழுத்தார். "கைக்கு வந்தத தள்ளுறீரே, கிறுக்கா உமக்கு?"

"வந்தது கொம்யூன் கைக்குய்யா. என் கைக்கு இல்ல."

மேர் சிரிப்பதை நிறுத்தினார். மறுபடி கை தூக்கச் சொன்னார். இந்தத் தடவை நானும் தூக்கினேன், ஆஸ்பத்திரிக்கு.

இப்போது பேருந்து அங்கேதான் நிற்கிறது. ஆஸ்பத்திரிக்கு எதிரே யார் கடை என்று உனக்குத் தெரியும், என் போட்டிக்காரன் கடை. வாளிகளை வரிசையாகத் தொங்கவிட்டிருக்கிறான். என் வாளியைவிடத் தகரம் மெலிசு, அது வேறு விஷயம். என் வீட்டுக்காரி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே அந்தப் பக்கம் போய், ஒரு நிறைமாதக்காரி பேருந்திலிருந்து இறங்கி நான்கு எட்டில் வாசலேறியதைப் பார்த்துவிட்டு வந்தாள். அன்றைக்குக் குழம்பில் மீன் இருந்தது.

எழுந்து வெளியே போக நீ சொல்லிக்கொடுத்தாய். திரும்பி வந்து, செய்த முடிவு சரிதானா என்று கேட்க நானாகக் கற்றுக்கொண்டேன். இந்த ஒன்றில் மட்டும் உன்னைவிட ஒரு எட்டு முன்னால் போய்விட்டேன். பொறுத்துக்கொள்.

அந்த நாற்காலியில் இருக்கும் நாள்வரை, எதில் எனக்கு என்ன வரும் என்பதை மற்றவர்கள் கேட்பதற்கு முன்னால் நானே எழுந்து நின்று சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் தொப்பி இருந்த இடத்தில் இப்போது துண்டை வைக்கிற,
உன் மச்சான்,
இரும்புக்கடை ஆறுமுகம்