அதலைக் கிழங்கு

ஐப்பசி 14, வெள்ளி

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் செல்வி எழுதுகிறாள்.

போன வருடம் காய்கறி ஆராய்ச்சிப் பண்ணையிலிருந்து ஓர் அதிகாரி எங்கள் ஊர் ஆமத்தூருக்கு வந்தார். எங்கள் கரிசல் காட்டில் மழைக்குத் தானாகப் படரும் அதலைக் கொடியின், பாகல் போன்ற சின்னக் காயில் சத்து அதிகமாம். அதை வைத்து நிறையக் காய்க்கும் புது ரகம் உண்டாக்கப் போகிறார்களாம். காகிதத்தில் என் கைநாட்டை வாங்கிக்கொண்டு விதையை அள்ளினார். "ஐயா, அதலை கிழங்குலதான் வரும். வெதையை நம்பாதீக" என்று மண்வெட்டியோடு நின்று சொன்னேன். "விதை போதும் பெரியவரே, வெயில் ஏறுது" என்று ஜீப்பில் ஏறிவிட்டார்.

இன்று மறுபடி வந்தார்.

"உங்க விதை சொத்தை. முளைக்கவே இல்ல. புது ரகப் பட்டியல்ல இருந்து அதலையை எடுத்துட்டோம்."

சொத்தையாம்! "அன்னைக்கே சொன்னேனேய்யா" என்றேன். "யாரு, என்கிட்டயா?" என்று சிரித்தார். அன்று அவர் நின்ற இடமும் போட்டிருந்த செருப்பும்கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அவர் போனதும் மகன், "அப்ப நாளைக்குக் களைக்கொல்லி அடிச்சிருவோம்ப்பா" என்றான். "அந்தக் கொடியில கை வச்சுப் பாருலே" என்றேன்.

சாயங்காலம் நாலு கிழங்கைத் தோண்டி மண்ணோடு பையில் கட்டிவிட்டேன். காலை முதல் பஸ்ஸில் அந்தப் பண்ணைக்குப் போகிறேன். செல்வி, பையில் ஓர் அட்டை கட்டு. 'இது விதை இல்லை, கிழங்கு' என்று எழுது. பெரிதாக எழுதும்மா. அவருக்குக் காதுதான் கேட்காது, கண் தெரியும்.