நாலாயிரத்தில் ஒரு பள்ளம்

மார்ச் 3
எழுந்ததும் பல்கூடத் துலக்கவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு நேற்று முடித்ததைக் கேட்டேன். நான்கு நிமிடம், பத்து விநாடி. பத்து வயதில் பொம்மைக் கீபோர்டில் ஆரம்பித்தவள். இத்தனை காலமும் அடுத்தவர் பாட்டைத்தான் வாசித்தேன். ஒவ்வொரு சத்தத்தையும் லேப்டாப்பில் நானே உண்டாக்கி முடித்த முதல் இசை இது. இணைய வானொலிக்கு அனுப்பிவிட்டேன். நாற்பத்தாறு வயதில்!

மார்ச் 7
மகளுக்குப் போட்டுக் காட்டினேன். அரை நிமிடத்தில் காதைப் பொத்திக்கொண்டாள்.
"நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா அந்த ட்ஸ் ட்ஸ் ஊசி மாதிரி குத்துது."
உனக்கென்னடி தெரியும் என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

மார்ச் 12
வானொலிக்காரர் எழுதியிருக்கிறார். மெட்டு பிடித்திருக்கிறதாம். கூர்மை மட்டும் தாங்கவில்லையாம். குறைத்து, இருபத்தைந்தாம் தேதிக்குள் அனுப்பினால் ஒலிபரப்புவாராம். எது கூர்மை? எனக்கு மங்கலாகக் கேட்டதால்தானே அந்தத் தாளச் சத்தத்தை ஏற்றினேன்?

மகளும் அதையே சொன்னாள்.

மார்ச் 16
காது பரிசோதனை. சின்ன அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நடுவில் நீண்ட அமைதி. அது அமைதியே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. வரைபடத்தில் இரண்டு காதின் கோடுகளும் ஒழுங்காகப் போய், விநாடிக்கு நாலாயிரம் அதிர்வு என்ற கூரான சத்தத்தின் இடத்தில் கிணற்றுக்குள் விழுந்திருந்தன.

என்ன வேலை என்று கேட்டார் டாக்டர். தகரம் வெட்டும் தொழிற்சாலை, தரப் பரிசோதனை, பதினெட்டு வருஷம். பிரஸ் மெஷின்களுக்கும் என் மேசைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்பு.

"போனது போனதுதாம்மா. இருக்கறதக் காப்பாத்திக்கோங்க."

மார்ச் 17
அழுதேன்.

மார்ச் 19
வேலையில் தகரத்தின் கனத்தை நான் கண்ணால் பார்த்துச் சொல்வேனா? கேஜ் வைத்துத்தானே அளக்கிறேன்! அப்படியானால் இதற்கு மட்டும் ஏன் காதையே நம்பிக்கொண்டு—

திரையில் ஒலி அளவைக் காட்டும் வரைபடத்தைத் திறந்தேன். எனக்குப் பிடித்த பத்துப் பாட்டுகளை ஓடவிட்டு, அந்த நாலாயிரத்தில் எவை எவ்வளவு உயரம் என்று குறித்தேன். என்னுடையது எல்லாவற்றுக்கும் மேலே மலை மாதிரி நின்றது. குறைத்தேன். என் காதுக்கு இப்போது பாதி உயிர் போனது போல இருக்கிறது. அளவு சரி என்கிறது. அளவையே நம்புகிறேன்.

மார்ச் 22
மகள் கண்ணை மூடிக்கொண்டு முழுதும் கேட்டாள். "இப்பக் குத்தலம்மா. இன்னொரு தடவ போடுங்க." வரைபடத்தை அவளிடம் காட்டி, அன்றைக்குச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். பக்கத்தில் இருந்த என் கணவர், "இனிமே நான் கூப்பிட்டா காதுல விழலன்னு சொல்ல உங்கம்மாவுக்கு டாக்டர் சீட்டே இருக்கு" என்றார். சிரிப்பு வந்துவிட்டது.

அனுப்பியாயிற்று.

மார்ச் 26
மேலாளர் கூப்பிட்டார். பிரஸ் பிரிவுக்கு நான்தான் மேற்பார்வையாளராம். எத்தனையோ முறை கேட்டு அலுத்துப்போன பதவி. இருக்கை மெஷின்களுக்கு நடுவில். காதைப் பற்றிச் சொன்னேன். "பஞ்சு வச்சுக்கோங்க மேடம், எல்லாரும் அப்படித்தான்." வீட்டுக்கு வந்து சொன்னதும் கணவர் என் நாத்தனார் வரைக்கும் போன் போட்டுவிட்டார்.

மார்ச் 28
மாலை ஆறே காலுக்கு ஒலிபரப்பினார்கள். என் பெயரைச் சொன்னார்கள். ஹாலில் மூவரும் நின்றுகொண்டே கேட்டோம்.

மார்ச் 29
பதவிக் கடிதத்தில் நாளை கையெழுத்துப் போட வேண்டும். போடப் போவதில்லை. கட்டடத்தின் மறுகோடியில் கோப்பு அறைக்கு ஆள் தேடுகிறார்கள். பதவியில் ஒரு படி கீழே, கதவைச் சாத்தினால் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். அதைக் கேட்டு வாங்கப் போகிறேன். இவர் அடுத்த அறையில் என் புதுப் பதவிக்கென்று போனில் புடவை பார்த்துக்கொண்டிருக்கிறார். இவரிடம் நாளை சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம்.