கை காட்டினால் போதாது

தோட்டத்தில் பேர் பதிந்து வேலை பிரிக்கும் பெரட்டுக்கு நேரமாகிவிட்டது. தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்த கணவன் விஜிதரன் போர்வைக்குள் சுருண்டு கிடந்தான். நேற்று மாலையிலிருந்து அவனோடு பேச்சில்லை. எழுப்ப மனம் வராமல், சுகந்தினி கொழுந்து பறிக்கப் போகும் படங்குச் சாக்கை இடுப்பில் கட்டியதும் பழைய கலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினாள்.

"ரொட்டியும் சம்பலும் மூடி வச்சிருக்கேன். இன்னைக்கு பாலர் பாடசாலை இல்ல, லக்ஷிகா உங்களோடதான் இருப்பா.

அவ பிஸ்கட் டின்னைக் கை காட்டினா ஒடனே எடுத்துக் குடுக்காதீங்க. 'என்ன வேணும்?'னு கேட்டுட்டுக் கொஞ்சம் பொறுங்க. 'பிஸ்கட்'னு சொன்னா, 'வட்ட பிஸ்கட்டா, நீட்டு பிஸ்கட்டா?'னு கேளுங்க. நாலு வயசாகப் போகுது, இன்னும் கைதான் பேசுதுன்னு டீச்சர் கவலப்படுறாங்க. நேத்து நீங்க சொன்ன மாதிரி நான் புள்ளய ஏங்க வைக்கல.

போனைக் குடுத்து உக்கார வைக்காதீங்க. கொழுந்து லொறி வந்தா வாசல்ல நின்னு காட்டிப் பேசுங்க."

தாளை ரொட்டித் தட்டின் கீழே செருகினாள். கதவுவரை போனவள் திரும்பி வந்து, அடியில் மிஞ்சிய இடத்தில் நெருக்கி நெருக்கி எழுதினாள்.

"நேத்து சண்டைக்கப்புறம் நீங்க வாயே தெறக்காம கிளாசை நீட்டினீங்க. நானும் பேசாம தேத்தண்ணி ஊத்தினேன். இன்னைக்கு விடிஞ்சதும் லக்ஷிகா அதே மாதிரி கிளாசை நீட்டினா. குடிச்சிட்டு உங்க பக்கத்துலதான் வந்து படுத்திருக்கா.

சாயங்காலம் வந்து தேத்தண்ணி ஊத்துறேன். நீங்களும் வாயத் தெறந்து கேட்டாத்தான்."