மேஜர் ஏறாத சாய்தளம்

பிப்ரவரி 3
ரிட்டயர்மென்டுக்கு இன்னும் இருபத்தைந்து நாள். ஏலத்தில் எடுத்த பழைய ஸ்கூல் வேனில் கட்டில், அடுப்பு எல்லாம் பொருத்தியாயிற்று. மார்ச் ஒன்றாம் தேதி நானும் என் மனைவி சந்திரமதியும் அந்தமானின் வடகோடியில் இருக்கும் திக்லிபூர் வரை போகிறோம். வேனிலேயே படுக்கை, சமையல்.

ஒரே சிக்கல், எங்கள் நாய் மேஜர். பதினொரு வயது, பின்னங்கால்கள் தளர்ந்துவிட்டன. குதிக்கவும் கூடாது, தூக்கவும் கூடாது என்கிறார் டாக்டர். "மேஜர் ஏறலேன்னா நானும் ஏறல. நீங்க மட்டும் போயிட்டு வாங்க" என்கிறாள் சந்திரமதி.

முப்பத்திரண்டு வருடமாகக் கட்டட எஞ்சினியர். ஒரு நாய்க்குச் சாய்தளம் போட மாட்டேனா?

பிப்ரவரி 9
போட்டேன். நாலடிப் பலகை, பளபளவென்று பெயிண்ட். ஆபீஸ் வழக்கப்படி தள்ளி நின்று பார்த்து, 'திருப்திகரம்' என்று நோட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

மேஜர் ஒரு காலை வைத்தான். வழுக்கியது. உட்கார்ந்துவிட்டான். வறுத்த சூரை மீனைக் காட்டியும் அசையவில்லை. எங்கள் டெலானிபூர் குவார்ட்டர்ஸே வேடிக்கை பார்த்தது. பக்கத்து வீட்டு ரூபா, "அங்கிள், யே ராம்ப் நஹி, ஸ்லைட் ஹை" என்றாள். இது சாய்தளம் இல்லை, சறுக்குமரமாம்.

என் சர்வீசில் என் வேலையை நிராகரித்த முதல் அதிகாரி இந்த நாய்தான்.

பிப்ரவரி 11
ஆபீஸ் வாசல் சாய்தளமும் நான் போட்டதுதான். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது விதி. திறப்பு விழாக் கல்வெட்டுக்கு இடம் வேண்டுமென்று நாலடியில் முடித்தேன். அதற்கும் 'திருப்திகரம்'தான்.

டெஸ்பாட்ச் கிளார்க் பொன்னம்மாவை இன்றும் இரண்டு பியூன்கள் சக்கர நாற்காலியோடு தூக்கிப் போனார்கள். பதினொரு வருடமாக நடப்பது. இன்றுதான் என் கண்ணில் படுகிறதா? சே.

பிப்ரவரி 16
மூன்றடி அகலம், பன்னிரண்டடி நீளம், மேலே கயிற்றுப்பாய். ஏறும் உயரம் ஓரடியாகக் குறைய, மேட்டுப் பக்கம் கதவு வருமாறு வேனை நிறுத்தினேன். முதலில் நானே நாலு முறை ஏறி இறங்கினேன். பிறகு மேஜர் ஏறினான், இறங்கினான், கேட்காமலே மறுபடி ஏறினான். சந்திரமதி அழுதுவிட்டாள். நானும்தான்.

பிப்ரவரி 20
ஆபீஸ் சாய்தளத்தை இடித்துக் கட்ட ஃபைல் போட்டேன். பொன்னம்மாவிடம் மேஜர் கதையைச் சொன்னேன்.
"பதினோரு வருஷமா நான் இருக்கேன். நாய் சொன்னாத்தான் கேப்பீங்களா சார்?"


பிப்ரவரி 27
ஃபைல் திரும்பி வந்துவிட்டது. 'பணி ஏற்கெனவே திருப்திகரமாக முடிந்துள்ளது.' ஆதாரம், என் கையெழுத்து.

பிப்ரவரி 28
காலையிலேயே மேஜரின் பலகையை வேன் கூரையில் கட்டிக்கொண்டு போய் ஆபீஸ் படிமேல் போட்டேன். பொன்னம்மா தானே சக்கரத்தைத் தள்ளி ஏறினார். பாதியில் நின்று மூச்சு வாங்கினார். தூக்க வந்த பியூன்களைக் கைகாட்டி நிறுத்தினார். மேலே போனதும் திரும்பி, "இதுக்கும் கல்வெட்டு உண்டா சார்?" என்றார்.

சாயங்காலம் எனக்குச் சால்வை போட்டு, அப்பழுக்கற்ற சேவை என்று பேசினார்கள். தலை நிமிரவில்லை எனக்கு.

மார்ச் 1
கிளம்பவில்லை. பலகையைத் திருப்பி எடுக்க மனம் வரவில்லை. திட்டுவாள் என்று நினைத்தேன்; சந்திரமதி புதுப் பலகைக்கு அளவெடுக்க டேப்பை எடுத்துக் கையில் கொடுத்தாள். மேஜர் வேன் கதவடியில் உட்கார்ந்து என்னையே பார்க்கிறான். அவன் ஏறிப் பார்க்கும்வரை இந்த நோட்டில் கையெழுத்து இல்லை.