லியாண்டர் மாமாவைப் பற்றிய இரண்டு வரிகள்

அன்பு மகள் ரோவீனாவுக்கு,

நானும் அப்பாவும் நலமாக இருக்கிறோம். நீயும் கால்கரியில் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போன் எடுத்தால் உனக்கு எப்போதும் வகுப்புக்கு நேரமாகிவிடுகிறது, எனக்கும் உன் குரலைக் கேட்டதும் சொல்ல வந்தது மறந்துபோகிறது. விரிகுடாவில் பனிக்கட்டி இன்னும் முழுதாக விலகவில்லை, நண்டுப் பருவம் தள்ளிப்போகிறது. அப்பா தினமும் துறைக்குப் போய்க் கடலை முறைத்துவிட்டு வருகிறார். முழங்காலை டாக்டரிடம் காட்டுங்கள் என்றால், "படகுல ஏறினா தானா சரியாயிடும்" என்கிறார். நீ சொன்னால் கேட்பார், ஒரு வார்த்தை சொல்லிவை.

நேற்று மினா அத்தை நம் வீட்டுக்கு வந்தாள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கிறிஸ்துமஸுக்கு முன்னால் நீ போனில் சொன்னாயே, இணையக் கலைக்களஞ்சியத்தில் ஆளுக்கொரு கட்டுரையை எடுத்து, எந்த வரிக்குச் சான்று இருக்கிறது, எதற்கு இல்லை என்று பார்த்துத் திருத்த வேண்டும், அதுதான் இந்த வருடப் பாடம், நான் நம் பெர்ரி கோவ் பக்கத்தை எடுத்துக்கொண்டேன் என்று. அப்பாதான் எப்படிச் சிரித்தார், "தடுக்கினா கடல்ல விழுற ஊருக்கு ஒரு பக்கம் வேறயா!" என்று. அந்தப் பக்கத்தில் என் தம்பி லியாண்டர் படகோடு மூழ்கிப் போனதைப் பற்றி, புயல் எச்சரிக்கையை மதிக்காமல் அவன் கடலுக்குப் போனதே காரணம் என்று யாரோ எழுதிவைத்திருந்ததை நாங்கள் அப்போதுதான் படித்தோம். தன் புருஷனைப் பற்றிய அந்த வரி மினாவுக்கு மட்டும் முன்பே தெரிந்திருக்கிறது. கோடையில் பனிப்பாறை பார்க்க வந்த ஒருவர், அவள் யாரென்று தெரியாமல், அவள் கடையிலேயே நின்று அதைச் சத்தமாகப் படித்தாராம். அவள் சில்லறையை எண்ணிக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.

அந்த வரியை எடுத்துவிட்டு, லியாண்டர் இந்தக் கரையிலேயே கெட்டிக்கார மாலுமி என்று எழுதச் சொல்லி அவள் நம் வீட்டுப் போனில் உன்னிடம் கேட்டாள். நீ, "அவரு எனக்கு மாமா, அத்தை. சொந்தக்காரங்களப் பத்தி நானே எழுதக் கூடாது" என்று சொல்லிவிட்டாய். அவள் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "சொந்தக்காரி எழுதாம ஊரான் வந்து எழுதுவானா? நல்லா படிக்க வச்சீங்க அண்ணி உங்க பொண்ண" என்று எழுந்து போனவள்தான். பிறகு கோயிலில்கூட வேறு பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். நான் யார் பக்கம் பேசுவது? ஒரு பக்கம் பெற்ற மகள், ஒரு பக்கம் கூடப் பிறந்தவனின் மனைவி. உனக்கும் மனசு சரியில்லை போலிருக்கிறது, அதற்கப்புறம் போன் குறைந்துவிட்டது.

அப்பாதான் ஒரு நாள், அந்தக் கட்டுரைக்குப் பின்னால், திருத்துகிறவர்கள் பேசிக்கொள்ள உரையாடல் பக்கம் என்று ஒன்று இருக்கிறது என்று காட்டினார். அதில் நீ எழுதியிருந்ததைப் படித்தேன். 'அந்தப் படகை ஓட்டியவர் என் தாய்மாமா. அதனால் நான் அந்த வரியைத் தொடமாட்டேன். ஆனால் அதற்குச் சான்று எதுவும் இல்லை. விசாரணை அறிக்கை கிடைக்கும் தூரத்தில் இருப்பவர்கள் யாராவது தயவுசெய்து பாருங்கள்.' அவ்வளவுதான் எழுதியிருந்தாய். சின்ன வயதில் ஏதாவது வேண்டுமென்றால் வாசல் கதவோடு ஒட்டினாற்போல் நின்று கேட்பாயே, அந்தக் குரல் அப்படியே கேட்டது எனக்கு. அன்றிலிருந்து தினமும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். யார் எதை மாற்றினார்கள் என்று காட்டும் 'வரலாறு' என்ற இடத்தில் உன் பெயர் புதிதாக வந்திருந்தால், இன்றைக்குப் பிள்ளை எழுந்துவிட்டாள், ஏதோ வேலை செய்திருக்கிறாள் என்று ஒரு நிம்மதி. நீ ஒரு காற்புள்ளியை மாற்றியிருந்தால்கூடப் போதும்.

போன வாரம் முகம் தெரியாத யாரோ ஒரு புண்ணியவான் அறிக்கையைத் தேடிப் படித்து அந்த வரியை மாற்றிவிட்டார். நீயும் பார்த்திருப்பாய். இப்போது இரண்டு வரிகள் இருக்கின்றன. எச்சரிக்கை வந்தது படகு கிளம்பிய பிறகுதான் என்பது ஒன்று. படகின் ரேடியோ பழுதாகி இருந்தது, அது தெரிந்தேதான் கிளம்பினார் என்பது இன்னொன்று. முதல் வரியைப் படித்து அழுதேன், இரண்டாவதைப் படித்ததும் பயந்துபோனேன், மினா இதை எப்படித் தாங்குவாள் என்று. மறைக்கவும் மனம் வரவில்லை. பட்டாணி சூப் வைத்திருக்கிறேன் வா என்று ஆள் அனுப்பினேன். வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். முதலிலிருந்து மறுபடி படித்தாள். அப்புறம் திடீரென்று சிரித்துவிட்டாள் ரோவீனா. "அந்த ரேடியோவ மாத்துய்யா மாத்துய்யான்னு தலையால அடிச்சிக்கிட்டேன், கேட்டாத்தானே அந்த மனுஷன்!" என்றாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கெட்டிக்கார மாலுமின்னு போட்டிருந்தா அது வேற யாரோ, அண்ணி. இதுதான் எங்க வீட்டு ஆளு. பிடிவாதக்காரன், ஆனா எச்சரிக்கைய அலட்சியம் பண்றவன் இல்ல" என்றாள். சூப் இரண்டு கிண்ணம் குடித்தாள். போகும்போது, "உங்க பொண்ணுகிட்ட அத்தை கோபமா இல்லன்னு சொல்லுங்க. தொடமாட்டேன்னு சொன்னா பாருங்க, அதனாலதான் ஊரு இத நம்பும்" என்றாள். இதை அவளே உன்னிடம் சொல்ல வெட்கப்படுகிறாள், நீ போன் செய்தால் சந்தோஷப்படுவாள்.

இன்று காலையும் பக்கத்தைத் திறந்தேன். ஊரின் மக்கள்தொகையைப் புதிய கணக்கெடுப்புப்படி மாற்றியிருக்கிறாய், சான்றோடு. முன்பு இருந்ததைவிடக் குறைவு. அந்தக் குறைந்ததில் ஒன்று நீ என்று உனக்குத் தோன்றியதா தெரியவில்லை, எனக்குத் தோன்றியது. அப்பாவிடம் சொன்னேன், அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு துறைக்குப் போய்விட்டார்.

வேறு விசேஷம் இல்லை. பெர்ரி ஜாம் இரண்டு பாட்டில் தனியாக அனுப்பியிருக்கிறேன், அறைத் தோழிக்கும் கொடு. காது மூடாமல் வெளியே போகாதே. கடவுள் உன் கூடவே இருந்து காப்பாற்றட்டும், எடுத்த காரியமெல்லாம் உனக்கு நல்லபடியாக முடியட்டும். ஜூலையில் விடுமுறை என்றாயே, மறந்துவிடாதே. நாலு நாள் வந்துபோகிறவர்களை ஊர் மக்கள்தொகைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள் என்று நீ சொல்வாய். சேர்க்காவிட்டால் போகட்டும், நீ வந்து சேர்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அம்மா