இனிப்புத் தட்டு போகும் முன்

ஷெப்பர்டன்
வெள்ளி, தொழுகை முடிந்து

கண்ணே மர்ஸியா, அம்மா எழுதுகிறேன். அல்லாஹ் கருணையால் இங்கே மூவரும் சுகம், குவெட்டாவில் நீயும் சித்தியும் சுகமாயிருக்க வேண்டும். கணக்கு எழுதி எழுதி எழுத்துப் பழகியவள் நான், பிழை இருந்தால் சிரிக்காதே. நேற்று வக்கீல் ஹெலன் அம்மாவின் மேசையைச் சுற்றி இருந்தது நான், உன் அப்பா, தம்பி ரமஸான், அந்த அம்மா, இந்த நாலு பேர்தான், வேறு யார் வேறு மாதிரி சொன்னாலும் நம்பாதே.

இந்த நாட்டுச் சட்டத்தை மாற்றிவிட்டார்கள் மகளே. படகில் வந்த எங்களுக்கு இத்தனை வருஷமாகத் தற்காலிகம் என்று தந்த விசா போய், இனி நிரந்தரமாக இருக்கலாம், விட்டுவந்த பிள்ளையை அழைக்க மனுவும் போடலாமாம். கேட்டதும் உன் அப்பா எழுந்து சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். ரமஸான், "நீங்க ஏம்பா அழறீங்க, அக்கா வந்தா என் ரூம்தானே போகுது, நான்ல அழணும்" என்றான். நீ கடைசியாகப் பார்த்தபோது அவன் என் மடியில் கிடந்த குழந்தை, இப்போது என்னைவிட உயரம்.

ஆனால் பதினெட்டு தாண்டிய பிள்ளை படித்துக்கொண்டிருக்க வேண்டும், நீ நர்ஸ் படிப்பில் இருக்கிறாய், அது சரி. கல்யாணமோ நிச்சயமோ ஆகியிருக்கக் கூடாது என்றும் இருக்கிறது. ஜுமா வீட்டார் தங்கள் பையனுக்கு உன்னைப் பெண் கேட்டபோது அப்பா பார்க்கலாம் என்று மட்டும்தான் சொன்னார், நம் பக்கத்திலிருந்து இனிப்புத் தட்டு போனால்தான் சம்மதம், அதுதான் நிச்சயம். துக்க மாதமான ஸஃபர் கழித்து அனுப்ப சித்தி தட்டும் பச்சைத் துணியும் வாங்கிவிட்டாள். "சத்தமில்லாம தட்டைக் குடுத்துடச் சொல்லு சக்கினா, சர்க்கார் வந்து பாதாமை எண்ணவா போகுது" என்கிறார் உன் அப்பா. தொழுகையில் ஏந்துகிற கையால் பொய்யில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன், கோபித்துக்கொண்டு போய்ப் படுத்தார், காலையில் அவரே தேநீர் போட்டுக் கொண்டுவந்தார். சித்தியோ போனில், "வளர்த்தவ நான், விசான்னதும் பிடுங்கிக்கிட்டுப் போறியா அக்கா" என்று அழுதாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

இதில் உன்னை யாரும் கேட்கவில்லை. போனில் கேட்டால் சித்தி பக்கத்தில் இருப்பாள், நீ சரி சரி என்பாய், அதனால்தான் எழுதுகிறேன். தட்டு போனால் இந்த வழி அடைபடும். போகாவிட்டால், நீ வந்து சேர எத்தனை காலம் ஆகுமோ ஹெலன் அம்மாவுக்கே தெரியவில்லை, அதுவரை ஜுமா வீட்டார் காத்திருப்பார்களா, அதுவும் தெரியாது. அந்தப் பையனை உனக்குப் பிடித்திருக்கிறதா? பிடித்திருந்தால் கூச்சப்படாமல் சொல், தட்டில் என்னென்ன வைக்க வேண்டும் என்று நானே சித்திக்கு எழுதுகிறேன், பிறகு உன்னிடம் முகம் சுளிக்க மாட்டேன். உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தலை பின்னிவிட வேண்டும் என்பது என் ஆசை, அதை உன் தலையில் ஏற்றிக்கொள்ளாதே. எது சொன்னாலும் மனுவில் உள்ளதை உள்ளபடி எழுதுவேன்.

வகுப்புக்குத் தனியாகப் போகாதே, மற்றப் பெண்களோடு வேனிலேயே போ. சித்தியின் முட்டிக்கு எண்ணெய் தேய்த்துவிடு, அவளோடு சண்டை போடாதே. இமாம்களின் துஆ உனக்குத் துணையிருக்கட்டும், அப்பாவும் உன் நெற்றியில் முத்தமிட்டதாக எழுதச் சொன்னார்.

யாரிடமும் சொல்லி அனுப்பாமல், ஸஃபர் முடியும் முன் உன் கைப்பட எனக்குப் பதில் எழுது.

உன் அம்மா
சக்கினா