நண்டுகள் கரையேறிய காலை

பெரியவனின் அப்பாவுக்கு, உங்கள் வீட்டுக்காரி வணங்கி எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம்.

இங்கே வருஷா வருஷம் வெயில் ஏறுகிறது. மழை பொய்த்து, காயல் கடலோடு சேரும் வாயை மணல் அடைத்துவிட்டது. காயல் செத்தால் நாங்கள் கூலிக்கு நண்டு உரிக்கும் கொட்டகையை மூடிவிடுவார்கள். போன வாரம் சூடேறிய தண்ணீரிலிருந்து நண்டுகள் தாமாகவே கரையேறின. அதிர்ஷ்டம் என்று கூடையில் அள்ளினேன். நான் வேலைக்கு வந்த அன்றே என்னைக் குருட்டுக் கிழவி என்று ஏசிய மேஸ்திரியம்மா ஓடி வந்தாள்.

"கூடையைக் கீழ வை, பாட்டி! மூச்சு முட்டி வந்திருக்கு, எல்லாம் சினை நண்டு. இதையும் அள்ளிட்டா, அடுத்த வருஷம் உரிக்க உன் மண்டைதான் மிச்சம்!"

அவற்றைக் கடல் பக்கம் விட்டுவிட்டு, எல்லோரும் சேர்ந்து மணலை வெட்டினோம். கடல் உள்ளே பாய்ந்தபோது என் காலடி சரிந்தது. இடுப்பளவுத் தண்ணீர்தான், பயப்படாதீர்கள். கொண்டையைப் பிடித்து இழுத்தவள் அவளேதான். என் தலைப்பிரசவத்தில் உங்கள் அக்கா பேசியதையே மறக்காத நான் 'குருட்டுக் கிழவி'யை மறப்பேனா? ஆனாலும் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

தலை துவட்ட உங்கள் பழைய துண்டு ஒன்று அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

காயல் பிழைத்துவிட்டது. கொட்டகையை மூடியிருந்தால் இந்நேரம் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். மூடாததற்கு நன்றி சொல்லிக்கொண்டு உரிக்கப் போகிறேன், மணி அடித்துவிட்டார்கள்.